குலுக்கல்ல கிடைச்ச 40 ஏக்கர்!

ஹாஸ்டல் மெஸ்ஸில் வாரத்துக்கு மூணு நாள் முட்டைக்கோஸ் பொரியல். தட்டுல அது விழும்போதே, 'இன்னிக்குமாடா?'ன்னு வரிசையில ஒரு குரல் கண்டிப்பா கேட்கும். அந்த முட்டைக்கோஸைத் தராசில் ஏத்தி, சுத்தி நின்னு கைதட்டி, பரிசு கொடுத்துக் கொண்டாடற ஊர் ஒண்ணு இருக்குன்னு சொன்னா நம்புவீங்களா?

நம்புங்க. இடம், அமெரிக்காவின் அலாஸ்கா. அங்கே மட்டனூஸ்கா பள்ளத்தாக்கு. பேரைக் கேட்டா மட்டன் ஞாபகம் வரலாம். ஆனா ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது சுத்த சைவம்! 2012-ல் அந்தப் பள்ளத்தாக்கின் பாமர் நகரத்தில் நடந்த அலாஸ்கா ஸ்டேட் ஃபேரில் ஒரு முட்டைக்கோஸ் எடை மெஷினில் ஏறியது. 62.7 கிலோ. உலக சாதனை. உங்க கிளாஸ்ல பாதிப் பேர் அதைவிட ஒல்லியாத்தான் இருப்பாங்க!

வருஷத்துல பாதி நாள் பனி மூடிக் கிடக்கிற ஊர்ல முட்டைக்கோஸ் எப்படி வந்தது? அது யாரோ ஒரு விவசாயி வீட்டுத் தோட்டத்தில் ஆரம்பிச்ச கதை இல்லை. வாஷிங்டனில் ஒரு அரசு அலுவலக மேஜையில் ஆரம்பிச்ச கதை. வேலை இல்லாத 203 குடும்பங்களை ரயிலிலும் கப்பலிலும் ஏத்தி, ஆயிரக்கணக்கான மைல் தள்ளிக் கொண்டுபோய், காட்டுக்கு நடுவுல இறக்கிவிட்டு, 'இது உங்க நிலம், பொழைச்சுக்கோங்க' என்று சொன்ன கதை. நடந்தது 1935-ல்.

அந்த 203 குடும்பங்கள் பொழைச்சாங்களா, இல்லையா? அதுதான் கேள்வி. பதில் ஒரு வரியில் முடியாது. வாங்க, முதல்லேருந்து போவோம்.

வெட்டின காடும் வத்தின வயிறும்

1929-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை படுத்தது. 1933-ல் அந்த நாட்டில் வேலை செய்யத் தயாரா இருந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்கு வேலை இல்லை. அந்த வருஷம் அதிபரான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், மக்களுக்கு நிவாரணம் கொடுக்க ஒரு துறையையே உருவாக்கினார். அதன் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ். சும்மா காசு கொடுத்துக்கிட்டே இருந்தா எத்தனை நாளைக்கு? ஜனங்க சொந்தக் கால்ல நிக்கணும். அதுக்கு நிலம் கொடுத்தா என்ன? இதுதான் ஐடியா.

நாட்டின் வடக்கு ஓரத்தில் மூணு மாநிலங்கள்... மினசோட்டா, விஸ்கான்சின், மிச்சிகன். ஒரு காலத்தில் அங்கே வானம் தொடும் பைன் காடுகள். மரக் கம்பெனிகள் வந்தன, வெட்டின, போயின. மிச்சம் இருந்தது அடிக்கட்டைகளும் சத்தில்லாத மண்ணும்தான். 'விவசாயம் பண்ணலாம் வாங்க' என்று அந்த நிலத்தை ஏழைகளுக்கு வித்தார்கள். வாங்கினவர்கள் கட்டையைப் பிடுங்கிப் பிடுங்கியே ஓய்ந்துபோனார்கள். பொருளாதார மந்தம் வந்ததும் அந்த வட்டாரமே அரசு நிவாரணத்தில் சாப்பிடும் நிலைமை.

இன்னொரு பக்கம் அலாஸ்கா. 1867-ல் ரஷ்யாவிடம் அமெரிக்கா விலைக்கு வாங்கிய பிரதேசம். 1930 கணக்கெடுப்பின்படி அவ்வளவு பெரிய நிலப்பரப்பில் இருந்தது வெறும் 59,000 சொச்சம் பேர். சாப்பாட்டில் பெரும்பகுதி சியாட்டிலிலிருந்து கப்பலில் வரணும். ஆனால், மட்டனூஸ்கா பள்ளத்தாக்கில் பயிர் விளையும் என்பது 1917-லிருந்து அங்கே இயங்கிய அரசு விவசாய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தெரியும். பக்கத்திலேயே ரயில் பாதையும் இருக்கு.

இங்கே ஆள் இருக்கு, நிலம் சரியில்லை. அங்கே நிலம் இருக்கு, ஆள் இல்லை. ரெண்டையும் சேர்த்தா? பேப்பர்ல பார்த்தா சூப்பர் ஈக்வேஷன்!

செலக்‌ஷன்

'நான் போறேன்'னு கை தூக்கினவங்க எல்லாரையும் கூட்டிக்கிட்டுப் போகலை. நிவாரண அலுவலகத்தின் சமூகப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய்ப் பேசித் தேர்ந்தெடுத்தார்கள். வயசு 25-லிருந்து 40-க்குள் இருந்தா நல்லது. உடம்பு திடமா இருக்கணும். குளிர் தாங்கணும். விவசாயம் தெரிஞ்சிருக்கணும், தச்சு வேலை மாதிரி இன்னொரு கைத்தொழிலும் தெரிஞ்சா ப்ளஸ். முக்கியமா, நிவாரணத்தில் வாழுற குடும்பமா இருக்கணும்.

கேம்பஸ் இன்டர்வியூ மாதிரிதான். நம்ம இன்டர்வியூக்களில் நடக்கிற கூத்தும் அங்கே நடந்தது. காகிதத்தில் 'விவசாயி'ன்னு எழுதி உள்ளே வந்த சிலருக்கு விவசாயமே சரியாத் தெரியாது. வேலை இல்லாம, பிள்ளைங்களுக்குப் பால் வாங்கக் காசில்லாம நிக்கிறவன்கிட்ட 'உனக்கு உழவு தெரியுமா?'ன்னு கேட்டா என்ன சொல்லுவான்? 'தெரியும்'னுதானே சொல்லுவான்! அவனைப் பொய்யன்னு சொல்ல எனக்கு வாய் வரலை.

கொடுத்த பேக்கேஜ் இதுதான். ஒரு குடும்பத்துக்கு 40 ஏக்கர். மண் சுமாரா இருந்தா கொஞ்சம் அதிகமாகவும் கிடைக்கும். வீடு, தொழுவம் கட்டித் தரப்படும். எதுவும் இலவசம் கிடையாது. சுமார் 3,000 டாலர் கடன், வட்டி 3 சதவீதம், திருப்பிக் கட்ட 30 வருஷம்.

கால்குலேட்டரைத் தட்டிப் பார்த்தேன். சமத் தவணையில் கட்டறதா வெச்சுக்கிட்டா வருஷத்துக்கு 153 டாலர், மாசத்துக்கு 13 டாலருக்குக் கொஞ்சம் கம்மி. கேட்க சின்னத் தொகைதான். ஆனா, முதல் அறுவடை வர்ற வரைக்கும் கையில் ஒரு டாலர் வருமானம்கூட இல்லாதவங்களுக்கு?

ரேண்டம் நம்பர்!

1935 ஏப்ரல் கடைசியில் மினசோட்டா குடும்பங்கள் ரயிலேறின. சான் பிரான்சிஸ்கோ வரை ரயில். அங்கிருந்து 'செயின்ட் மிஹியெல்' என்ற ராணுவக் கப்பல். அலாஸ்காவின் சூவர்ட் துறைமுகத்தில் இறங்கி மறுபடி ரயில். மே 10-ம் தேதி பாமர். விஸ்கான்சின், மிச்சிகன் குடும்பங்கள் சியாட்டில் வழியாக ரெண்டு வாரத்தில் வந்து சேர்ந்தன. வழியெல்லாம் பத்திரிகைக்காரர்கள், கேமரா, வரவேற்பு. கிளம்பும்வரை ஊருக்குப் பாரமா பார்க்கப்பட்டவங்க, ரயிலில் ஏறியதும் ஹீரோ!

பாமரில் இறங்கினால் வீடு இல்லை. வரிசை வரிசையா கூடாரங்கள். அதுதான் ஊர்.

மே 23. நிலம் ஒதுக்கீடு நாள். எப்படி ஒதுக்கினாங்க தெரியுமா? துண்டுச்சீட்டு! ஒரு பெட்டிக்குள் எண் எழுதின சீட்டுகள். குடும்பத் தலைவர் வந்து கைவிட்டு ஒண்ணை எடுக்கணும். அதில் இருக்கும் எண்தான் அவங்களோட 40 ஏக்கர்.

இன்ஜினீயரிங் கவுன்சலிங்குக்கு முன்னாடி ரேண்டம் நம்பர் வந்த அன்னிக்கு நம்ம வீடுகள்ல எப்படி இருந்தது? அப்பா வேலைக்குப் போகாம உட்கார்ந்திருப்பார், அம்மா சாமி ரூமைவிட்டு வெளியே வந்திருக்க மாட்டாங்க. அதுவாவது ஒரே கட்-ஆஃப், மத்த மார்க் எல்லாம்கூட சமமா இருந்தா மட்டும்தான் கணக்குக்கு வரும். பாமரில் அந்த ஒரு சீட்டுதான் எல்லாமே.

ஏன்னா, அந்தப் பள்ளத்தாக்கின் மண் ஒரே சீரா கிடையாது. பனியாறுகள் மலையை அரைச்சு மாவாக்கின தூளை, காற்று அள்ளிக்கிட்டு வந்து கொட்டினதுதான் அங்கே இருக்கிற நல்ல மண். சில இடத்தில் அது ஆழமா இருக்கும். சில இடத்தில் மேலாக ஒரு போர்வை மாதிரி, அதுக்குக் கீழே கூழாங்கல். ஒருத்தர் கையில் வந்த சீட்டு வண்டல், பக்கத்தில் நின்னவர் கையில் வந்தது சரளை. ரெண்டு பேருக்கும் கடன் மட்டும் ஒரே மாதிரி!

சீட்டை மாத்திக்க அனுமதி இருந்தது. பலர் மாத்தினாங்க. நல்ல மண்ணுக்காக மட்டும் இல்லை... சொந்தக்காரங்க, சொந்த ஊர்க்காரங்க பக்கத்திலேயே இருக்கணும்னு மாத்தினவங்களும் உண்டு. தெரியாத ஊரில் கூழாங்கல்லைவிட தனிமை கொடுமைன்னு அவங்க நினைச்சிருக்கலாம். ஹாஸ்டலில் ரூம்மேட் மாத்தக் கேட்டு வார்டன் ரூம் வாசல்ல நின்ன யாருக்கும் இது புரியும்.

மழை, கொசு, தந்தி

அந்தக் கோடை முழுக்க மழை. கூடாரத்துக்குள் சேறு. மழை விட்டா கொசு. வீடு கட்ட நானூறு பேருக்குக் கிட்ட வேலையாட்கள் முன்னாடியே வந்திருந்தாங்க. ஆனா ஆளும் சாமானும் திட்டமும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகலை. வேண்டிய சாமான் வராது, வேண்டாதது வந்து குவியும். செலவு ஏறிக்கிட்டே போனது. அந்தச் செலவில் ஒரு பங்கு கடைசியில் குடும்பங்களின் கடன் கணக்கில்தான் ஏறப்போகுது என்பதுதான் கவலையே.

அதைவிடப் பெரிய கவலை, நோய். தட்டம்மையும் கடும் காய்ச்சலும் கூடாரத்துக்குக் கூடாரம் பரவின. ஆயிரம் பேருக்கு மேல் கூட்டி வந்து குடியமர்த்திய இடத்தில் ஒழுங்கான மருத்துவமனை இல்லை. குழந்தைகள் செத்துப்போனார்கள்.

திட்டம் போட்டவங்க ஒவ்வொரு வீட்டுக்கும் வரைபடம் போட்டிருந்தாங்க. அஞ்சு டிசைன்லேருந்து தேர்ந்தெடுக்கலாம். தொழுவம் 32 அடி நீளம், 32 அடி அகலம், 32 அடி உயரம்னு அளவு எடுத்து வெச்சிருந்தாங்க. ஆனா பிரசவமும் காய்ச்சலும் வரும்னு யாரும் முழுசா யோசிக்கலை. நம்ம டிராயிங் ஹால்ல 'டைமென்ஷன் விட்டுப்போச்சு'ன்னு மார்க் கழிப்பாங்களே... இங்கே விட்டுப்போனது உயிர்.

ஜனங்க சும்மா இருக்கலை. ஜூன் மாசமே வாஷிங்டனுக்குத் தந்தி பறந்தது. மருத்துவ வசதி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே, கருவிகள் எங்கே? இந்த மாதிரி நியாயமான கேள்விகள். பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அரசியல் எதிரிகளுக்கு அல்வா கிடைச்ச மாதிரி! 'அரசாங்கக் காசில் ஓசிச் சாப்பாடு சாப்பிட்டுட்டுப் புகார் வேறயா?' என்றும் சிலர் கேட்டார்கள்.

ஆனா, தந்தி வேலை செய்தது. விசாரிக்க வாஷிங்டனிலிருந்து ஆள் வந்தார்கள். நிர்வாகத்தில் மாற்றங்கள் நடந்தன. மருத்துவமனை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. பனிக்காலம் நெருங்குவதற்குள் பெரும்பாலான குடும்பங்கள் கூடாரத்திலிருந்து மரவீட்டுக்குப் போயின. புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரும் பத்தி எழுத்தாளருமான வில் ராஜர்ஸ் அந்த ஆகஸ்டில் பள்ளத்தாக்குக்கு வந்து எட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகு சில நாட்களுக்குள், ஆகஸ்ட் 15-ம் தேதி, அலாஸ்காவின் வடகோடியில் நடந்த விமான விபத்தில் இறந்துபோனார்.

முதல் வருஷத்திலேயே 'போதும்டா சாமி'ன்னு ஊர் திரும்பின குடும்பங்களும் இருந்தன. அவங்க இடத்துக்குப் புதுக் குடும்பங்கள் வந்தன.

விளைஞ்சது... வாங்க ஆள்?

தங்கினவங்க காட்டை வெட்டினாங்க. பிர்ச், ஸ்ப்ரூஸ் மரங்கள். வெட்டினா மட்டும் போதாது, வேரோட பெயர்க்கணும். பெயர்த்த வேர்களை வயல் ஓரத்தில் கரை மாதிரி குவிச்சாங்க. வருஷக்கணக்கில் நடந்த வேலை இது.

விளைஞ்சதா? அட, விளைஞ்சதே! உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், கால்நடைத் தீவனம், பால். 1936-லேயே ஊர்க் கண்காட்சி நடத்துற அளவுக்கு விளைஞ்சது. இப்போ நடக்கிற அலாஸ்கா ஸ்டேட் ஃபேரின் ஆரம்பம் அதுதான்.

பிரச்னை வேற இடத்தில். விளைஞ்சதை யார் வாங்குறது? பக்கத்துல இருந்த பெரிய ஊர் ஆங்கரேஜ். 'பெரிய'ன்னு சொல்றதே ஓவர்... 1930-ல் அதன் மக்கள்தொகை மூவாயிரத்தைக்கூடத் தொடவில்லை. பாமரிலிருந்து அங்கே போக ரோடு வந்ததே 1936-ல்தான். சியாட்டிலிலிருந்து கப்பலில் வரும் காய்கறியோட போட்டி போடணும். வருஷத்தில் நூறு நாளுக்குக் கொஞ்சம் மேலதான் பயிர்க்காலம்.

குடும்பங்கள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் ஆரம்பிச்சாங்க. பால், காய்கறியெல்லாம் அதன் வழியா வித்தாங்க. 'மட்டனூஸ்கா மெய்ட்' என்ற அந்தப் பால் பிராண்டு அலாஸ்கா வீடுகளில் பல பத்தாண்டுகள் புழங்கியது. பிற்பாடு மாநில அரசே ஏற்று நடத்தியும், 2007-ல் மூடப்பட்டது.

யுத்தம் போட்ட புதுக் கணக்கு

1940-ல் ஆங்கரேஜ் பக்கத்தில் ராணுவத் தளங்கள் கட்ட ஆரம்பித்தார்கள். ஆயிரக்கணக்கில் சிப்பாய்கள். முட்டைக்கோஸுக்கும் பாலுக்கும் வாராது வந்த மார்க்கெட்! ஆனால், அதே தளத்தில் கட்டுமான வேலையும் இருந்தது. வாரக் கடைசியில் கையில் கூலி. வேர் பிடுங்கிக்கிட்டு இருந்தவன் என்ன பண்ணுவான்? ஒரே யுத்தம், விவசாயிக்கு வாடிக்கையாளரையும் கொண்டுவந்தது, விவசாயியைக் கூலி வேலைக்கும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு.

1940-க்குள் ஆரம்பத்தில் வந்தவங்கள்ல பாதிக்கு மேல் பள்ளத்தாக்கை விட்டுப் போயிருந்தாங்க. 1965-ல் கணக்கு பார்த்தப்போ முதல் குடும்பங்களில் இன்னும் விவசாயம் செய்துகொண்டிருந்தவை வெறும் 20.

203-ல் 20. கிட்டத்தட்ட 10 சதவீதம். நம்ம யூனிவர்சிட்டி ரிசல்ட்டா இருந்தா காலேஜ் வாசலில் போராட்டம் நடக்கும்!

(குட்டி பாக்ஸ்: ஏன் அவ்ளோ பெரிசு?

பாமர் இருப்பது பூமத்திய ரேகைக்கு 61 டிகிரிக்கும் மேல் வடக்கே. ஜூன் மாசக் கடைசியில் அங்கே ஒரு நாளில் 19 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம். செடிக்கு ஓவர்டைம்! ஒளிச்சேர்க்கை நடந்துக்கிட்டே இருக்கும். வெயில் சுடாது, குளுகுளுன்னு இருக்கும். முட்டைக்கோஸ் மாதிரி குளிர்காலக் காய்களுக்கு இதைவிட சொர்க்கம் கிடையாது. அத்தோட தேர்ந்தெடுத்த விதையும் வளர்க்கிறவரின் பொறுமையும் சேர்ந்தா ராட்சசக் காய் ரெடி. 1941-ல் ரயில்வே மேலாளர் ஒருவர் பெரிய முட்டைக்கோஸுக்கு 25 டாலர் பரிசு அறிவித்தார். ஜெயித்த காய் பத்தரை கிலோ. 2012-ல் 62.7 கிலோ. 71 வருஷத்தில் ஆறு மடங்கு!)

அது யாரோட நிலம்?

இவ்வளவு நேரம் 'காலி நிலம்'கிற மாதிரியே பேசிட்டு வந்தோம். காலியா?

அந்தப் பள்ளத்தாக்கில் டெனைனா மக்கள் தலைமுறை தலைமுறையா வாழ்ந்திருக்காங்க. சால்மன் மீன், வேட்டை, கோடைக்கு ஒரு இடம், குளிருக்கு ஒரு இடம் என்று அவங்க வாழ்க்கை முழுக்க அந்த ஆறுகளைச் சுற்றித்தான். வெளியாட்கள் கொண்டுவந்த நோய்களால் அவங்க எண்ணிக்கை ஏற்கெனவே சுருங்கியிருந்தது. பக்கத்தில் எக்லூட்னா கிராமத்தில் அவங்க இருந்தாங்க. இப்பவும் இருக்காங்க. 1935-ல் வரைபடத்தில் கோடு போட்டு 40 ஏக்கர், 40 ஏக்கரா பிரிச்சப்போ, துண்டுச்சீட்டுப் பெட்டியில் அவங்களுக்கு ஒரு சீட்டு இல்லை. அலாஸ்காவின் பூர்வகுடி மக்களின் நில உரிமையைத் தீர்க்க அமெரிக்கா சட்டம் போட்டது 1971-ல். 4.4 கோடி ஏக்கர் நிலத்தை அவங்களுக்கு ஒதுக்க அந்தச் சட்டம் வழி செய்தது. ஆனா அதுக்குள்ள மட்டனூஸ்காவில் ஒரு தலைமுறை அறுவடையே முடிஞ்சிருந்தது.

ஒரு நிலத்தை 'பயன்படாத நிலம்'னு சர்க்கார் காகிதத்தில் பார்த்தா, முதல்ல கேட்க வேண்டிய கேள்வி: யாருக்குப் பயன்படாத நிலம்?

பாஸா, அரியரா?

இப்போ முதல் கேள்விக்கு வருவோம். மட்டனூஸ்கா திட்டம் பாஸா, ஃபெயிலா?

'குடும்பங்கள் விவசாயத்திலேயே நிலைக்கணும்' என்பதுதான் சிலபஸ்னா, 203-ல் 20 என்பது ஃபெயில்தான். மறைக்க ஒண்ணுமில்லை.

ஆனா அந்தக் குடும்பங்களின் பக்கத்திலிருந்து பாருங்க. அவங்க வேண்டுதல் 'முட்டைக்கோஸ் பயிரிடணும்' என்பது இல்லையே. 'பிள்ளைகளுக்குச் சோறு போடணும், நிவாரண வரிசையில் நிக்கக் கூடாது' என்பதுதான். ராணுவத் தளத்தில் கூலிக்குப் போனவனும், ஆங்கரேஜில் கடை வெச்சவனும், நிலத்தை வித்துட்டு ஊர் திரும்பினவனும் திட்டத்தின் கணக்கில் 'வெளியேறியவர்'. அவங்க வீட்டுக் கணக்கில்? சிலருக்கு அது தோல்வி, சிலருக்கு அது விடுதலை. மெக்கானிக்கல் படிச்சுட்டு பேங்க்ல வேலைக்குப் போன சீனியரை நாம 'ஃபெயில்'னா சொல்றோம்?

இன்னொண்ணு. அவங்களால் வெளியேற முடிஞ்சது என்பதே பெரிய விஷயம். இதே மாதிரி நம்ம நாட்டிலும் நடந்திருக்கு. கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகளைக் குடியமர்த்த 1958-ல் தண்டகாரண்யத் திட்டம் தொடங்கியது. ஆற்றோரத்தில், நெல்லும் மீனுமா வாழ்ந்தவர்களை ஒடிசா, மத்தியப் பிரதேச வறண்ட காடுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயும் பழங்குடி மக்கள் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 1978-ல் ஆயிரக்கணக்கான அகதிகள் அங்கிருந்து கிளம்பி, மேற்கு வங்கத்தின் சுந்தரவனத்தில் மரிச்ஜாப்பி என்ற தீவில் தாங்களாகவே ஒரு ஊர் அமைத்தார்கள். 1979-ல் அந்தத் தீவு முற்றுகையிடப்பட்டது. போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. எல்லாரையும் அங்கிருந்து அப்புறப்படுத்தினார்கள். 'எனக்கு ஒத்துவரலை, நான் போறேன்' என்று மினசோட்டாக்காரர் சொன்னதும் அவர்கள் சொன்னதும் ஒரே வாக்கியம்தான். ஒருவருக்குத் திரும்பிப்போக ரயில். இன்னொருவருக்குத் தோட்டா.

மட்டனூஸ்காவிடம் கத்துக்க மூணு விஷயம் இருக்கிறதா எனக்குப் படுது. ஒண்ணு, நிலமும் வீடும் கடனும் கொடுத்தா விவசாயி ரெடி என்று நினைக்கக் கூடாது. டாக்டர், டீச்சர், ரோடு, விளைஞ்சதை வாங்கற ஆள்... இவை முதல் லாரியிலேயே வந்திருக்கணும். ரெண்டு, அதிர்ஷ்டத்தால் கூழாங்கல் நிலம் கிடைச்சவனுக்கும் வண்டல் கிடைச்சவனுக்கும் ஒரே கடன் என்பது சமத்துவம் மாதிரி தெரியும், ஆனா நியாயம் ஆகாது. மூணு, ஜனங்க தந்தி அடிச்சா அதைப் படிக்கணும். அந்த ஜூன் மாதத் தந்திதான் அந்தத் திட்டத்தையே காப்பாத்தினதுன்னு நான் நினைக்கிறேன். புகார் சொன்னவங்க நன்றி கெட்டவங்க கிடையாது. எது உடைஞ்சிருக்குன்னு மேஜைக்குத் தகவல் சொன்ன ஒரே ஆட்கள் அவங்கதான்.

அலாஸ்கா மாநில அரசே இந்தப் பாடத்தை மறந்தது. 1980-களில் அதே வட்டாரத்தில், பாயின்ட் மெக்கன்சி என்ற இடத்தில், குலுக்கல் முறையில் நிலம் கொடுத்துப் பால் பண்ணைகள் அமைக்கப் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் திட்டம் படுத்தேவிட்டது. ரிப்பீட்டு அரியர்!

மிச்சம் இருப்பது

இப்போது பாமருக்குப் போனால், ஆங்கரேஜுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் குடியிருக்கும் ஊர் அது. பழைய வயல்களில் பல, வீட்டு மனைகளாகிவிட்டன. பாமரும் வசில்லாவும் சேர்ந்த அந்த மாவட்டத்தின் மக்கள்தொகை 2020 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது. காலனிக்காகக் கட்டின பள்ளிக்கூடத்தில் இப்போது உள்ளாட்சி அலுவலகம் நடக்கிறது. மரக்கட்டைகளால் கட்டின சர்ச் இன்னும் நிற்கிறது. அந்த 32 அடித் தொழுவங்களில் சில சாய்ந்துவிட்டன, சில நிற்கின்றன. ஜூன் மாதத்தில் 'காலனி டேஸ்' என்ற பெயரில் ஊர்த் திருவிழா. ஆகஸ்ட் கடைசியில் முட்டைக்கோஸ் எடை போட்டி.

அந்தத் தராசுக்குப் பக்கத்தில் கைதட்டுற கூட்டத்தில், 1935-ல் சீட்டு எடுத்தவரின் பேரனோ பேத்தியோ இருக்கலாம். வண்டல் கிடைச்ச வீட்டுப் பேரனா, கூழாங்கல் கிடைச்ச வீட்டுப் பேத்தியா... யாருக்குத் தெரியும்? அந்தப் பெட்டிக்குள் கை விட்ட தாத்தாவுக்கும்தான் தெரியாது. எடுத்த சீட்டை மடிச்சுச் சட்டைப் பையில் வெச்சுக்கிட்டு, கூடாரத்துக்குப் போய், மனைவிகிட்ட நம்பரைச் சொல்லியிருப்பார். அடுத்த நாள் காலையில் ரெண்டு பேரும் அந்த நிலத்தைத் தேடிக்கிட்டு, கொசுவை விரட்டிக்கிட்டு, காட்டுக்குள்ள நடந்திருப்பாங்க.

இன்னிக்கு நைட்டு எங்க மெஸ்ஸில் மறுபடியும் முட்டைக்கோஸ்தானாம். சரி, போடுங்க. இன்னிக்கு ஒரு நாள் முனகாமச் சாப்பிட்டுட்டுப் போறேன்!